தடிமனும் நுண்ணுயிர்க்கொல்லியும்



மார்கழி, தை மாதங்களிற் கண்டி மாநகருக்கு வந்தவர்கள், விடிகாலையில் வாவியின் மேற் படர்ந்து கிடக்கும் பனிமூட்டத்தைக் கண்டு களித்திருப்பார்கள். இங்கு வாழ்கின்ற எங்களுக்கோ, அந்தப் பனிமூட்டத்தோடு கூடவே வேறொன்றும் வந்து சேரும். ஹந்தானை மலைச்சாரலிலிருந்தும், கலஹா, தெல்தோட்டைப் பக்கங்களிலிருந்தும் பஸ் ஏறி வரும் மாணவர்கள் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நிற்பார்கள். தேவாரம் முடிவதற்குள் ஒரு மூலையில் ஒரு தும்மல் கேட்கும். மறு மூலையில் இன்னொன்று கேட்கும். அந்த வாரம் முடியுமுன் வகுப்பிற் பாதிப் பேருக்கு மூக்கொழுகும். ஆசிரியர்களுக்குக் குரல் கம்மும். வரவுப் பதிவேட்டிலே வராதோர் தொகை நாளுக்கு நாள் ஏறும். வைகாசி, ஆனி மாதங்களிலும் இதே காட்சியை மீண்டும் காணலாம். நமது நாட்டில் இன்புளுவென்சாக் காய்ச்சல் ஆண்டில் இருமுறை தலையெடுப்பது வழக்கம் என்று சுகாதாரத் துறையினர் கூறுவதும் இதனோடு பொருந்தியே இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பாடசாலைக்குத் திரும்பும் பிள்ளையிடம், "என்ன மருந்து எடுத்தாய்?" என்று கேட்பது என் வழக்கம். "அன்டிபயோட்டிக் போட்டேன், சேர்" என்ற விடை அடிக்கடி வரும். அதைச் சொல்லும்போது பிள்ளையின் குரலில் ஒரு சிறு பெருமையும் தொனிக்கும். சாதாரண மருந்து அன்று, பெரிய மருந்து என்ற பெருமை அது. பெற்றோரும் அப்படியே. "பவரான மருந்தாகத் தாருங்கள்" என்று வைத்தியரிடமும் மருந்துக்கடையிலும் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பெரிய மருந்து தடிமனுக்கும் இன்புளுவென்சாவுக்கும் ஏன் பயன்படுவதில்லை என்பதையும், பயன்படாத இடத்தில் அதை வழங்குவதால் விளையும் கேடு யாது என்பதையும் பற்றியே இன்று உங்களுடன் பேசப்போகிறேன்.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. 2016 ஆம் ஆண்டு மார்கழி மாதம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். விடுதியில் தங்கியிருந்த மாணவன் ஒருவனுக்குக் கடுமையான தடிமன். தேயிலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் தாயின் ஒரே மகன் அவன். கணிதப் பரீட்சைக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தன. சில வாரங்களுக்கு முன் எனக்குப் பல் பிடுங்கியபோது வைத்தியர் எழுதித் தந்த அமொக்சிசிலின் குளிசைகளில் ஆறேழு என் மேசை இலாச்சியில் மீதியாகக் கிடந்தன. அவற்றை எடுத்து அவன் கையிற் கொடுத்து, "தம்பி, இதை வேளை தவறாமற் போடு, பரீட்சைக்கு முன் சுகமாகிவிடும்" என்றேன். ஒரு தந்தையின் கடமையைச் செய்துவிட்ட திருப்தியோடு அன்றிரவு உறங்கினேன்.

பரீட்சை நாளும் வந்தது. தடிமன் இருந்தபடியே இருந்தது. போதாக்குறைக்கு வயிறும் கழியத் தொடங்கியிருந்தது. பரீட்சை மண்டபத்திலிருந்து அவன் மூன்று முறை எழுந்து வெளியே போகவேண்டியதாயிற்று. மாலையில் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். நடந்ததை ஒளியாது சொன்னேன். இளவயதினரான அந்த வைத்தியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அதிபர், திருடன் புகாத வீட்டிலே காவல் நாயை அவிழ்த்து விட்டீர்கள். அது வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். வரலாறும் இலக்கியமும் படித்த எனக்கு அந்த வாக்கியம் அப்போது முழுமையாக விளங்கவில்லை. அன்று அவர் விளக்கத் தொடங்கியதையும், அதன் பின்னர் நான் தேடிப் படித்தறிந்ததையும் சேர்த்தே இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

நேயர்களே, நமது குழப்பத்துக்கு ஒரு சொல்லும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிருமி என்பதே அச்சொல். நோயை உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத எதனையும் நாம் கிருமி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தடிமனும் கிருமியால் வருகிறது. புண் சீழ் பிடிப்பதும் கிருமியால் வருகிறது. ஆகவே ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றதற்கும் உதவும் என எண்ணுவது இயல்பே. நுண்ணுயிர்க்கொல்லி என்று நாம் அமைத்துக்கொண்ட பெயரும் அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது. நுண்ணுயிர்கள் யாவற்றையும் கொல்வது என்றல்லவா அப்பெயர் ஒலிக்கிறது? உண்மையில் அந்த மருந்துகள் தாக்குவது பற்றீரியா என்னும் ஒரு வகையையே. தடிமனையும் இன்புளுவென்சாவையும் உண்டாக்குபவை வைரசுகள். இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், அவற்றுக்கிடையே உள்ள வேற்றுமை மிகப் பெரிது.

பற்றீரியா என்பது ஒரு முழுமையான உயிர். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருந்தாலும், தனக்கென ஓர் உடல், தானே உணவைச் சமைத்துக்கொள்ளும் ஆற்றல், தன்னைத் தானே இரண்டாகப் பிரித்துப் பெருகும் வல்லமை ஆகிய யாவும் அதற்கு உண்டு. அதன் உடலைச் சுற்றி உறுதியான ஒரு சுவரும் இருக்கிறது. மனித உடலின் கலங்களுக்கு அத்தகைய சுவர் கிடையாது. பெனிசிலினும் அதன் இனத்தைச் சேர்ந்த அமொக்சிசிலினும் செய்வதெல்லாம், பற்றீரியா அந்தச் சுவரைக் கட்டவிடாமற் தடுப்பதே. சுவர் நலிந்ததும் வெளியிலுள்ள நீர் உள்ளே புக, பற்றீரியா வெடித்து அழிகிறது. நம் கலங்களுக்குச் சுவரே இல்லாமையால் அவற்றுக்கு அந்த வகையிற் தீங்கு நேர்வதில்லை. வேறு சில நுண்ணுயிர்க்கொல்லிகள் பற்றீரியா தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் பொறியைத் தாக்குகின்றன. அந்தப் பொறியும் நம் கலங்களிலுள்ள பொறியும் அமைப்பில் வேறுபட்டவை. இந்த வேறுபாடுகளே அம்மருந்துகளின் சிறப்பு. பகைவனிடம் மட்டும் உள்ள ஒன்றைக் குறிவைத்து அடிப்பதால்தான் அவை நம்மைக் கொல்லாமல் நோயைக் கொல்கின்றன.

இனி வைரசைப் பார்ப்போம். இன்புளுவென்சா வைரசு பற்றீரியாவின் பத்தில் ஒரு பங்கு அளவினது. தடிமனைத் தோற்றுவிப்பவற்றுள் முதன்மையான றைனோவைரசு அதனினும் சிறியது; பற்றீரியாவின் முப்பதில் ஒரு பங்கு எனலாம். அதற்குச் சுவர் இல்லை. புரதம் செய்யும் பொறி இல்லை. தானாகப் பெருகும் ஆற்றலும் இல்லை. ஒரு மரபுச் செய்தியும் அதனைப் பொதிந்து வைத்திருக்கும் உறையுமே அதன் உடைமைகள். அது நம் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கலங்களினுள்ளே புகுந்து, அந்தக் கலங்களின் பொறிகளைக் கொண்டே தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவற்றைச் செய்வித்துக்கொள்கிறது.

சித்திரை மாதத்திற் கூவும் குயிலை நீங்கள் அறிவீர்கள். குயில் தனக்கெனக் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டிலே முட்டையிடும். அதன் குஞ்சை காக்கையே ஊட்டி வளர்க்கும். குயிலை ஒழிக்க எண்ணிய ஒருவன் அதன் கூட்டைத் தேடிப் பிரிக்கப் புறப்பட்டானாயின் என்ன நடக்கும்? பிரிப்பதற்குக் கூடே இராது. தடிமனுக்கு அமொக்சிசிலின் உண்பதும் அத்தகையதே. வைரசிடம் இல்லாத சுவரை அம்மருந்து தேடுகிறது. மருந்தின் அளவைக் கூட்டினாலும், விலையுயர்ந்த இன்னொன்றை வாங்கினாலும், நிலைமை மாறப்போவதில்லை. "பவர்" போதாமையால் அது தோற்கவில்லை. தாக்குவதற்கு ஒன்றும் அங்கே இல்லாமையாற் தோற்கிறது.

இந்தக் குழப்பம் பாமரர்க்கு மட்டும் உரியதன்று. மேதைகளும் ஒரு காலத்தில் இதிற் சிக்கியிருந்தார்கள். 1892 ஆம் ஆண்டில் ரிச்சார்ட் பைஃபர் என்னும் ஜேர்மனிய அறிஞர், இன்புளுவென்சா நோயாளிகளின் சளியில் ஒரு பற்றீரியாவைக் கண்டு, நோய்க்கு அதுவே காரணம் என்று அறிவித்தார். உலகமும் அதை நம்பிற்று. 1918 இல் இன்புளுவென்சா உலகைச் சூறையாடியபோது கோடிக்கணக்கானோர் மாண்டனர். நமது இலங்கைத் தீவில் மட்டும் அந்நோயால் இறந்தோர் தொகை ஏறத்தாழ மூன்று இலட்சம் என ஓர் ஆய்வு பிற்காலத்தில் மதிப்பிட்டிருக்கிறது. பைஃபரின் பற்றீரியாவை அக்காலத்து ஆய்வாளர்கள் தேடினார்கள். சில நோயாளிகளிடம் அது இருந்தது; பலரிடம் இருக்கவில்லை. ஐயம் எழுந்தது. ஆனாலும் விடை கிடைக்கவில்லை.

இந்நிலையிலே 1928 ஆம் ஆண்டு இலண்டனிலே அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். அவர் 1929 இல் வெளியிட்ட முதற் கட்டுரையின் தலைப்பிலேயே பைஃபரின் இன்புளுவென்சாப் பற்றீரியாவின் பெயரும் இடம்பெறுகிறது. பெனிசிலின் அதைக் கொன்றது என்று எண்ணிவிடாதீர்கள். அதைக் கொல்லாமையாலேயே அப்பெயர் அங்கே வந்தது! தொண்டையிலிருந்து எடுத்த சளியிலுள்ள ஏனைய பல பற்றீரியாக்களைப் பெனிசிலின் அழித்துவிடும். பைஃபரின் பற்றீரியா எஞ்சி நிற்கும். ஆய்வுக்கூடத்தில் அதனைத் தனியே பிரித்தெடுப்பதற்கு இஃது ஓர் உபாயம் என்று பிளெமிங் எழுதினார். பெனிசிலின் பிறந்த நாள் முதலே இன்புளுவென்சாவின் மருந்தாக இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1933 ஆம் ஆண்டிலே வில்சன் சிமித், கிறிஸ்தோபர் அன்றூஸ், பற்றிக் லெய்ட்லோ ஆகிய மூவரும், நோயாளியின் தொண்டை கழுவிய நீரைப் பற்றீரியா எதுவும் கடந்து செல்லமுடியாத வடிகட்டியினூடே செலுத்தினார்கள். அந்த நீரை, கீரியை ஒத்த ஃபெரற் என்னும் சிறு விலங்கின் மூக்கில் இட்டபோது, அதற்கும் இன்புளுவென்சா கண்டது. வடிகட்டிக்கும் அகப்படாத வைரசே நோய்க்குக் காரணம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இங்கே மற்றொரு கேள்வியை நீங்கள் கேட்கலாம். "அந்த மருந்தைப் போட்டு எனக்குச் சுகம் வந்ததே! அது பொய்யா?" என்பதே அக்கேள்வி. சுகம் வந்தது மெய். மருந்தால் வந்தது என்பதே பொய். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தடிமன் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து, அதன் பின் தானாகவே தணியும் நோய். பெரும்பாலும் ஏழு முதற் பத்து நாளில் முற்றாக நீங்கிவிடும். நாமோ தாங்கமுடியாத மூன்றாம் நாளிலேதான் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். நாலாம் நாள் குணம் தெரிகிறது. பழம் விழுந்ததற்குக் காகத்தைப் புகழ்கிறோம். வைரசை வென்றது நம் உடலின் சொந்தப் படையே. அந்தப் படைக்கு உரிய நன்றியைக் குளிசைக்குச் செலுத்திவிடுகிறோம்.

சளியின் நிறத்தைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. தெளிந்த நீராக இருந்த சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறினால், நோய் முற்றிவிட்டது, இனி நுண்ணுயிர்க்கொல்லிதான் வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த நிறம் வைரசோடு பொருத வந்த வெண்குருதிக் கலங்களாலேயே உண்டாவது. நிறம் ஒன்றையே கொண்டு பற்றீரியா புகுந்துவிட்டதென்று சொல்ல இயலாது.

"பயன் இல்லாவிட்டாற் போகட்டும், தீங்கும் இல்லையே, ஒரு நம்பிக்கைக்காகப் போட்டால் என்ன?" என்று கேட்போருக்கும் விடை சொல்லவேண்டும். வைத்தியர் சொன்ன நாய்க் கதை இங்கேதான் பொருள் பெறுகிறது. நம் குடலிலும் தொண்டையிலும் தோலிலும் கோடானுகோடி பற்றீரியாக்கள் நமக்குத் தீங்கின்றி வாழ்கின்றன. உணவு செரிப்பதற்குத் துணைபுரிவனவும் அவற்றுள் உண்டு. தடிமனுக்கு உண்ட மருந்து வைரசைத் தொடாமற் போய் இவற்றைத் தாக்குகிறது. என் மாணவனின் வயிறு கழிந்தது அதனாலேயே. சிலருக்கு உடலெங்கும் தடிப்பு ஏற்படும். மருந்து ஒவ்வாத ஒரு சிலருக்கு உயிராபத்தும் நேரலாம்.

அதனினும் பெரிய கேடு மெல்ல மெல்ல வருவது. அந்தப் பற்றீரியாக்களுள் மிகப் பெரும்பாலானவை மருந்தால் மடியும். தற்செயலாக ஏற்பட்ட ஒரு மாற்றத்தால் மருந்தைத் தாங்கவல்ல ஒருசில எஞ்சும். பற்றீரியா வாய்ப்பான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியக்கூடியது. அவ்வாறு தடையின்றிப் பிரிந்துகொண்டே போனால், ஒன்று பத்து மணி நேரத்தில் நூறு கோடிக்கு மேலாகிவிடும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பெருக்கிப் பார்த்துச் சொல்லலாம். மருந்து இடத்தைத் துடைத்துக் கொடுக்க, தாங்கவல்லவை அந்த இடத்தை நிரப்புகின்றன. தம்மிடமுள்ள அந்த வல்லமையை வேறு இனத்துப் பற்றீரியாக்களுக்கும் கைமாற்றிக் கொடுக்கின்றன. அவை ஒருவர் உடலோடு நின்றுவிடுவதுமில்லை. கையிலிருந்து கைக்கும், வீட்டிலிருந்து வீட்டுக்கும் செல்கின்றன. பின்னொரு நாள் அதே வீட்டில் ஒரு முதியவருக்குச் சிறுநீர்த் தொற்றோ, பிரசவித்த தாய்க்குக் காய்ச்சலோ, சத்திரசிகிச்சைப் புண்ணிலே சீழோ ஏற்படும்போது, வைத்தியர் கொடுக்கும் மருந்து வேலை செய்யாது. ஆய்வுகூடத்திலிருந்து வரும் தாளில், ஒவ்வொரு மருந்தின் பெயருக்கும் எதிரே "எதிர்க்கிறது" என்ற குறிப்பே வரிசையாக இருக்கும்.

இது வீணான அச்சுறுத்தல் அன்று. பிளெமிங் 1945 மார்கழியில் நோபல் பரிசைப் பெற்று நிகழ்த்திய உரையிலேயே இதனை முன்கூட்டிச் சொன்னார். தொண்டை நோவுக்குத் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் உண்ணும் ஒருவனை அவர் கற்பனை செய்தார். அவனுடைய தொண்டையிலுள்ள பற்றீரியா சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. அவனிடமிருந்து அது மனைவிக்குத் தொற்றி, அவள் நிமோனியாவில் விழுகிறாள். பெனிசிலின் கொடுத்தும் பயனின்றி இறக்கிறாள். அவளைக் கொன்றவர் யார் என்பதே பிளெமிங் எழுப்பிய வினா. மருந்தைக் கண்டுபிடித்தவரே, அதன் புகழ் உச்சியில் இருந்த நாளில், அதனைப் பாழாக்கவேண்டாம் என்று உலகை வேண்டிக்கொண்டார். நாம் கேட்கவில்லை. 2019 ஆம் ஆண்டில், மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களை நேர்க் காரணமாகக் கொண்டு உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என 2022 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது.

நெற் செய்கை தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைக் குற்றி உண்ண நல்ல கமக்காரன் மனம் ஒப்பான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மனித குலம் முழுவதற்கும் உரிய விதைநெல். புதிய மருந்துகளைக் கண்டுபிடிப்பது எளிதன்று. அதற்குப் பல ஆண்டு செல்லும். இருப்பதை நாம் தடிமனுக்கு இறைத்துவிட்டால், நிமோனியாவுக்கு எதைக் கொடுப்பது?

கண்டியிலிருந்து பேசுகின்ற நான் இவ்விடத்திற் பேராசிரியர் சேனக்க பிபிலே அவர்களை நினைவுகூராமற் செல்வது தகாது. கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரும், 1962 இற் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியாக விளங்கியவரும் ஆகிய அவர், மருந்தியல் துறைப் பேராசிரியர். நோய்க்கு வேண்டிய மருந்து, வேண்டிய அளவில், ஏழைக்கும் எட்டும் விலையிற் கிடைக்கவேண்டும். வேண்டாத மருந்து எவருக்கும் கொடுக்கப்படலாகாது என்பதே அவருடைய கொள்கை. 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகி, அக்கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவர் 1977 இற் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிலேயே. அத்தகையவர் கற்பித்த பேராதனைக்கு மூன்று நான்கு மைல் தொலைவிலே இருந்துகொண்டு, வைத்தியரின் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் அமொக்சிசிலின் கேட்பது நமக்கு அழகாகுமா? சட்டப்படி அது சீட்டின்றி விற்கத்தகாத மருந்து என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

ஆனால் பெற்றோரை மட்டும் பழிசொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். அந்த மாணவனின் தாய் பின்பு ஒருநாள் என்னைப் பார்க்க வந்தபோது, "நோவுன்னு ஒரு நாள் வீட்டுல நின்னா அன்னைக்குச் சம்பளம் இல்லீங்க ஐயா; அதான் சுருக்கா கேக்குற மருந்தா வாங்குறோம்" என்றாள். அன்றாடக் கூலியில் வாழ்பவர்களுக்கு ஏழு நாள் பொறுத்திரு என்பது எளிதான உபதேசம் அன்று. அதை நான் அறிவேன். ஆயினும் அந்தத் தாய்க்கும் நான் சொன்னது இதுவே: குளிசை அந்த ஏழு நாளை ஆறாகக்கூடக் குறைப்பதில்லை, கையிலுள்ள காசை மட்டுமே குறைக்கிறது.

அப்படியானால் தடிமன் வந்தவர் என்ன செய்யவேண்டும்? ஓய்வு எடுக்கவேண்டும், நீராகாரம் நிறைய அருந்தவேண்டும். உப்பு நீராற் கொப்பளிக்கலாம். நம் வீடுகளில் வழிவழியாக வைத்துக் கொடுக்கும் கொத்தமல்லிக் குடிநீரையும் அருந்தலாம். அது வைரசைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. இளஞ்சூடான நீர் தொண்டைக்கு இதமளிக்கும்; உடல் வறளாமற் காக்கும். அந்த அளவில் அது குளிசையிலும் மேலானது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே போதும். அதனையும் வயதுக்கும் நிறைக்கும் உரிய அளவிலேயே கொடுக்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டிற் காய்ச்சல் எல்லாம் தடிமற் காய்ச்சல் அல்ல. 2017 ஆம் ஆண்டில் மட்டும் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். டெங்கும் வைரசு நோயே. அதற்கும் நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது. டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலுக்கு அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற மருந்துகளைக் கொடுத்தாற் குருதிப்பெருக்கு ஏற்படலாம். ஆகவே காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டி, குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சு நோவு, மயக்கம், பால் குடிக்க மறுக்கும் குழந்தை, தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

ஏனெனில் வைரசு தாக்கி நலிந்த நுரையீரலிற் பற்றீரியாவும் பின்தொடர்ந்து புகுவதுண்டு. 1918 இல் இறந்தோருட் பெரும்பாலோர் அவ்வாறு பின்வந்த நிமோனியாவாலேயே இறந்தனர் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நாளிற் பெனிசிலின் இருந்திருந்தால் அவர்களுட் பலரைக் காப்பாற்றியிருக்கலாம். தொண்டை நோவிலும் ஒரு வகை பற்றீரியாவால் வருவது. அதனைக் கவனியாது விட்டால், சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சலாக மாறி இதயத்தைப் பழுதாக்கும். இத்தகைய வேளைகளில் வைத்தியர் பரிசோதித்து நுண்ணுயிர்க்கொல்லி தந்தால், தயங்காது அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை எடுங்கள். கடும் இன்புளுவென்சாவுக்கு ஒசெல்தாமிவிர் போன்ற வைரசெதிர் மருந்துகள் வேறாக இருக்கின்றன. முதியோர், கர்ப்பிணிகள், நெஞ்சுநோய் உள்ளோர் ஆகியோர் இன்புளுவென்சாத் தடுப்பூசி பற்றி வைத்தியரைக் கேட்டறிவது நன்று.

நேயர்களே, நான் உங்களிடம் வேண்டுவன மூன்று. தடிமனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தரும்படி வைத்தியரை வற்புறுத்தாதீர்கள். "இதற்கு மருந்து வேண்டாம்" என்று சொல்லும் வைத்தியரைக் கைராசி இல்லாதவர் என்று தள்ளாதீர்கள். ஒருவருக்குத் தந்த மருந்தை மற்றொருவருக்குக் கொடுக்காதீர்கள். மீதி வைத்துப் பின்னொரு நாளுக்கென்று சேமிக்கவும் வேண்டாம்.

என் மாணவன் கணிதத்திற் சித்தியடைந்தான். ஆயினும் அவன் தகுதிக்கு ஏற்ற பெறுபேறு அதுவன்று. அதைப் பற்றி இன்றுவரை அவன் என்னிடம் ஒரு சொல்லும் குறைகூறியதில்லை. அவன் கூறாதது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது. என் மேசை இலாச்சியில் இப்போது குளிசைகள் இல்லை. ஒரு வெப்பமானியும், விடுதிச் சமையலறைக்குக் கொடுத்தனுப்ப ஒரு பொதி கொத்தமல்லியும் இருக்கின்றன. தடிமனோடு வரும் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்து, ஒரு கோப்பை சுடுநீர் குடிக்கச் சொல்லி, "பொறுத்துக்கொள் தம்பி, இது தானே போகும்" என்கிறேன். அது தானே போய்விடுகிறது.